அரும்பொருளும் அவாவும்

பொருளின்மேற் செல்லும் ஆசை இருவகைப்படும். நம்மிடம் இல்லாததும், கடையிற் கிடைக்கக்கூடியதுமான ஒன்றை விரும்புவது முதல் வகை. இனி எவரும் செய்யாத ஒன்றை விரும்புவது இரண்டாம் வகை. முன்னதற்கு ஓர் எல்லை உண்டு. பணம் சேர்ந்ததும் வாங்கலாம். வாங்கியதும் ஆசை ஓரளவேனும் தணியும். பின்னதற்கோ எல்லை காண்பது அரிது. செய்தொழில் நின்றுவிட்டமையால் எஞ்சியுள்ளவை ஆண்டுதோறும் குறைகின்றன. அவை குறையக் குறைய ஆசை பெருகுகின்றது. பொருள் தேய ஆசை வளர்வது விந்தையன்றோ? இவ்விந்தை அறிவுடையார் ஆராயத் தக்கதே.

இவ்வாராய்ச்சிக்குப் பொன்னையும் மணியையும் எடுத்துக்கொள்ள வேண்டுவதில்லை. அவை எக்காலத்தும் அரியவை. எளிய மக்களின் ஊர்தியாகிய மிதிவண்டியை எடுத்துக்கொள்வோம். அதிலும், எஃகுக் குழாய்களை மூட்டிச் செய்த அதன் சட்டத்தை, பட்டறைக்காரர் ‘பிரேம்’ என்று வழங்குவதை, எடுத்துக்கொள்வோம். நேற்று வீதியெங்கும் கிடந்தது. இன்று அதன் சில வகைகளைத் தேடி மக்கள் ஊர் ஊராய் அலைகின்றனர். எஃகு மாறவில்லை, குழாய் மாறவில்லை. மாறியது யாது? மனமே. அம்மனம் எங்ஙனம் மாறிற்று, அம்மாற்றத்தில் நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பொருளின் வரலாறு

ஐரோப்பாவில் ‘சைக்கிளோகிராஸ்’ என்றொரு பந்தயம் உண்டு. கூதிர் காலத்திலும் பனிக் காலத்திலும் வயல், சேறு, மணல், மேடு ஆகியவற்றினூடே மிதிவண்டி ஓட்டுவர். ஓட்ட இயலாத இடத்தில் இறங்கி, வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டில் உருப்பெற்ற இப்பந்தயத்திற்கு 1950-இல் பாரிசு நகரில் முதன்முதலாக உலகப் போட்டி நடந்தது. அதில் வென்றவர் ழான் ரொபிக் என்னும் பிரெஞ்சுக்காரர். இப்பந்தயத்திற்குரிய சட்டம் தனி இலக்கணம் உடையது. சேறு அடையாதிருக்கச் சக்கரத்திற்கும் சட்டத்திற்கும் இடையே போதிய வெளி வேண்டும். தோளில் ஏற்றுவதற்கு மேற்குழாய் இடங்கொடுக்க வேண்டும். நாள்தோறும் விழுந்து எழுவதைத் தாங்க வேண்டும். நெடுங்காலம் இவை எஃகினாலேயே செய்யப்பட்டன. 1970-க்குப் பிந்திய ஆண்டுகளில் இத்தாலியின் ஆலன் நிறுவனத்தார் செய்த அலுமினியச் சட்டங்கள் புகுந்தன; பின்னர்க் கரியிழைச் சட்டங்கள் வந்தன. எடை குறைந்த புதியவற்றிற்குப் பந்தயக்காரர் மாறினர். எஃகில் செய்துவந்தோருட் பலர் அவ்வகையை நிறுத்தினர். நிறுத்திய பின்னரே அவற்றைத் தேடுவோர் தோன்றினர்.

நம் நாட்டில் இப்பந்தயம் வேரூன்றவில்லை. ஆயினும் அதே கதை நம் வீதிகளிலும் நடந்தது. நாட்டிங்காம் நகரின் ராலி, ஹம்பர், பர்மிங்காம் நகரின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. ஆகிய பெயர்களை அறியாத தமிழ்க் குடும்பம் ஒரு காலத்தில் அரிது. இவற்றுட் பலவும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்தன. ஹம்பரின் மிதிவண்டிப் பெயரை 1932-இலும், ரட்ஜ் என்பதை 1943-இலும், பி.எஸ்.ஏ.யின் மிதிவண்டிப் பிரிவை 1957-இலும் ராலி நிறுவனம் ஏற்றது. அந்த ராலியையே 1960-இல் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்னும் பெருநிறுவனம் ஏற்றது. நாட்டிங்காமில் மிதிவண்டித் தொழிற்சாலை 2002-இல் முற்றும் நின்றது. இந்தியாவில் 1949-இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது. வங்காளத்தின் அசன்சாலில் சென்-ராலி நிறுவனம் இயங்கிற்று. சென்-ராலியை அரசு ஏற்று நடத்தியும் அது நிலைக்கவில்லை. 1951-இல் சோனிப்பட்டில் தொடங்கிய அட்லாஸ் நிறுவனத்தின் இறுதித் தொழிற்சாலை, சாகிபாபாத்தில், 2020 ஜூன் 3-ஆம் நாள் மூடப்பட்டது. அந்நாள் ஐக்கிய நாடுகள் அமைப்பு வகுத்த உலக மிதிவண்டி நாள் என்பது காலத்தின் நகை.

பழைய எஃகுச் சட்டத்தில் மெய்யாகவே சிறப்பு உண்டா, அன்றி எல்லாம் மனமயக்கமா என்று கேட்கலாம். சிறப்பு உண்டு. எஃகு அலுமினியத்தைப்போல் ஏறத்தாழ மூன்று பங்கு எடையுள்ளது; இஃது அதன் குறை. ஆனால் ஓர் அளவுக்கு உட்பட்ட அதிர்ச்சியை எஃகு எத்தனை முறையும் தாங்கும். அலுமினியமோ சிறு அதிர்ச்சிகளையும் தன்னுள் சேர்த்துவைத்து, ஒருநாள் விரிசலாக வெளிப்படுத்தும். நல்ல எஃகுச் சட்டங்களில் குழாயின் இருமுனைகளும் தடித்தும் நடுப்பகுதி மெலிந்தும் இருக்கும். வலிமை வேண்டிய இடத்தில் வலிமையும், வேண்டாத இடத்தில் எடைக் குறைவும் கிடைக்கும். இம்முறைக்குப் பர்மிங்காமைச் சேர்ந்த ரெனால்ட்ஸ் என்பார் 1897-இல் உரிமை பெற்றார். அந்நிறுவனம் 1935-இல் வெளியிட்ட 531 என்னும் எஃகுக் குழாய், சட்டம் செய்வோரிடையே பல்லாண்டு பெரும்புகழ் பெற்றிருந்தது.

இவற்றினும் மேலான சிறப்பு ஒன்று உண்டு. பழைய சட்டத்தின் மூட்டுகள் பித்தளையை உருக்கி ஊற்றிப் பற்றவைத்தவை. பித்தளை உருகும் வெம்மையில் எஃகு உருகாது. ஆதலின் மூட்டை மீண்டும் சூடேற்றிப் பிரிக்கலாம்; நைந்த குழாயை நீக்கி வேறொன்றைப் பொருத்தலாம். இதற்குப் பெரிய தொழிற்சாலை வேண்டுவதில்லை. கைதேர்ந்த ஒருவனும் ஓர் ஊதுலையும் போதும். பழுதுபட்டால் எறிந்துவிட வேண்டிய பொருள் ஒருவகை. பழுதைத் திருத்திப் பேணக்கூடிய பொருள் மற்றொரு வகை. பின்வகையின்மேல் மனிதனுக்கு ஏற்படும் மதிப்பு குருட்டுத்தனமன்று. அதில் உழைப்பை மதிக்கும் நல்லுணர்வு கலந்திருக்கின்றது.

மட்டாஞ்சேரி கற்பிக்கும் பாடம்

பழம்பொருள் ஆசையைக் கண்ணெதிரே காண விரும்புவோர் கொச்சியின் மட்டாஞ்சேரிக்குச் செல்லலாம். ஆங்குள்ள யூதத் தெருவின் கோடியில், 1568-இல் எழுப்பப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடம் நிற்கின்றது. இஸ்ரேல் நாடு 1948-இல் தோன்றிய பின்னர்க் கொச்சி யூதருட் பெரும்பாலோர் அந்நாடு சென்று குடியேறினர். மனிதர் போயினர், வீடுகளும் பொருள்களும் நின்றன. மிளகும் சுக்கும் மணந்த தெருவில் பழம்பொருட் கடைகள் பெருகின. இடிக்கப்பட்ட தறவாட்டு வீடுகளின் கதவும் தூணும், உருளியும் நிலைப்பெட்டியும், கப்பல் விளக்கும் நாழிகைக் கருவியும் ஆங்கே விலைக்கு நிற்கின்றன. அவ்வரிசையில் இன்று பழைய ஆங்கில மிதிவண்டியும் சேரத் தகுதி பெற்றுவிட்டது.

ஆனால் அதே மட்டாஞ்சேரியின் சந்துகளிலும், அடுத்துள்ள கோட்டைக் கொச்சியிலும் பழைய எஃகு வண்டி இன்னும் உழைக்கும் கருவியாகவும் இருக்கின்றது. கடல் வாணிகத்தால் வாழ்ந்த இந்நகரில் கொங்கணியரும் குஜராத்தியரும் கச்சி மேமன்மாரும் தமிழரும் பல தலைமுறைகளாக அடுத்தடுத்து வாழ்கின்றனர். டச்சுக்காரர் காலத்தில் வந்தவர்கள் என்று தம் முன்னோரைப்பற்றிக் கூறும் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் இன்றும் தொழில் செய்கின்றன. மூட்டை சுமக்கும் ஒருவனுக்கு மிதிவண்டி எப்படிப்பட்டது? அதற்கு அவன் வரலாறு கேட்பதில்லை. பின்தாங்கி சுமையைத் தாங்குகின்றதா, கம்பி பிரேக் பிடிக்கின்றதா என்பனவே அவனுடைய கேள்விகள்.

ஆகவே ஒரே பொருள் இங்கு இரண்டு கண்களால் பார்க்கப்படுகின்றது. உழைப்பவனின் கண் அதன் பயனைக் காண்கின்றது. தேடித் தொகுப்பவனின் கண், பல்சக்கரத்தில் வெட்டப்பட்ட நாரைத் தலையைக் கண்டு அஃது ராலி என்றும், ஓடும் மனிதர் உருவைக் கண்டு அஃது ஹம்பர் என்றும் அறிகின்றது. முன் கவையின் இரட்டைக் குழாயைக் கண்டு மகிழ்கின்றது. இவ்விரு கண்களும் சந்திக்கும் இடத்திற்றான் அறவினா பிறக்கின்றது. அதற்குமுன் தொகுப்பவனின் ஆசை எத்தகையது என்று பகுத்தறிதல் வேண்டும்.

ஆசையின் மூன்று இழைகள்

அரிய சட்டத்தின்மேற் செல்லும் ஆசையில் மூன்று இழைகள் முறுக்கிக் கிடக்கின்றன. முதலாவது, அது நன்றாகச் செய்யப்பட்டது என்னும் மதிப்பு. இரண்டாவது, அது கடந்த காலத்தின் எச்சம் என்னும் உருக்கம். மூன்றாவது, அது பிறரிடம் இல்லை என்னும் பெருமை. கயிற்றை முறுக்கவிழ்த்துப் பாராதவரையில் மூன்றும் ஒன்றாகவே தோன்றும். தொகுப்போன் தன் ஆசை முழுவதும் முதலாவது இழையே என்று நம்புவான். பிறரிடமும் அவ்வாறே கூறுவான்.

இழைகளைப் பிரித்தறிய எளியதோர் உரைகல் உண்டு. மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைகளுள் ஒன்றைத் திறந்தபோது, கொழுப்பு பூசித் தாளிற் சுற்றிய ஆயிரம் சட்டங்கள் அப்படியே கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். யாவும் நாம் பெரும்பாடுபட்டுப் பெற்ற சட்டத்தின் அதே வகை, அதே ஆண்டு. நாளை யாரும் குறைந்த விலைக்கு வாங்கலாம். இச்செய்தி கேட்டதும் நம் மனம் என்ன செய்யும்? பொருளை மதிப்பவன் மகிழ்வான். நல்லதொன்று ஆயிரம் பேருக்குக் கிடைக்கின்றது என்று எண்ணுவான். மாறாக, மனத்தில் ஒரு சோர்வு தட்டுமானால், அந்தச் சோர்வு எவ்வளவோ அவ்வளவும் மூன்றாவது இழை. அது சட்டத்தின்மேல் வைத்த அன்பன்று. பிறரிடம் இல்லாமையின்மேல் வைத்த அன்பு. பிறர் வறுமையையே தன் செல்வமாகக் கொள்ளும் அன்பு அது.

இரண்டாவது இழையைக் கடிந்து தள்ளுதல் கூடாது. தந்தை ஏறிச்சென்ற வண்டி, பள்ளிக்குச் சுமந்த வண்டி, மறைந்த தொழிற்சாலையில் எவனோ ஒருவன் அரம் தேய்த்து மெருகிட்ட மூட்டு ஆகியவற்றைக் கண்டு மனம் கசிவது மனிதத் தன்மையே. ஆனால் அக்கசிவின் உட்பொருளை அறிதல் வேண்டும். மாறிப்போனது காலம்; மறைந்தது மனிதன். அவற்றை மீட்க இயலாமையால் அவற்றின் நிழலாகிய இரும்பைப் பிடித்துக்கொள்கின்றோம். இரும்பையாவது நிறுத்திவைக்க முடியுமா? கொச்சியின் உப்புக்காற்று விடை கூறும். வெளியே பூசிய வண்ணம் பளபளத்தாலும், குழாயின் உட்புறத்தில் ஈரம் தங்கித் துரு தன் தொழிலை அமைதியாகச் செய்துகொண்டிருக்கும். நிலையாமையினின்று தப்பியோடி நாம் புகலடைந்த பொருளே நிலையாமையைக் கற்பிக்கின்றது. உருக்கம் தவறன்று, உருக்கத்தைப் பூட்டிவைக்கலாம் என்னும் எண்ணமே தவறு.

எது அசல்?

தொகுப்போர் பெரிதும் மதிப்பது ‘அசல்’ என்னும் சொல்லை. திருகாணியும் மணியும் இருக்கையும் தொழிற்சாலையினின்று வந்தபடியே இருத்தல் வேண்டும் என்பர். ஒன்று மாறினாலும் விலை குறையும். இக்கொள்கை ஆராய்ச்சிக்கு நிற்குமா?

மிலிந்தன் என்னும் யவன அரசனுக்கும் நாகசேனத் தேரருக்கும் நடந்த உரையாடலை அன்பர்கள் அறிவர். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று தேரர் ஒவ்வொன்றாக வினவ, அரசன் அன்று அன்று என்றே விடை கூறினான். உறுப்புகள் இயைந்த இடத்தில் வழங்கும் பெயரே தேர். அதனுள் தனியே ஒளிந்திருக்கும் தேர்த்தன்மை ஒன்றில்லை என்பது முடிவு. மிதிவண்டிக்கும் இது பொருந்தும். அசல் என்று நாம் வணங்கும் ஒன்று சட்டத்திலும் இல்லை, முத்திரையிலும் இல்லை, இரண்டையும் விட்டு வேறிடத்திலும் இல்லை.

மட்டாஞ்சேரியே இதற்கு வேறொரு சான்று தருகின்றது. ஆங்குள்ள ‘டச்சு அரண்மனை’யைக் கட்டியவர்கள் டச்சுக்காரர் அல்லர். போர்ச்சுகீசியர் ஏறத்தாழ 1555-இல் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்தனர். டச்சுக்காரர் 1663-இல் அதனைப் பழுதுபார்த்துப் புதுக்கினர். கட்டியவனின் பெயர் நிற்கவில்லை. பழுதுபார்த்தவனின் பெயர் நின்றது. பேணுதலும் ஒருவகைப் படைப்பே என்று மக்கள் தம்மையறியாமல் ஒப்புக்கொண்ட செய்தி இது. உழைப்பாளியின் மிதிவண்டியையும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். சக்கர வளையம் இருமுறை மாறியிருக்கும். முன் கவை வேறு வண்டியிலிருந்து வந்திருக்கும். சட்டத்தில் ஓர் ஒட்டு இருக்கும். தொகுப்போன் அதனைக் குறையுள்ளது என்பான். அறவோன் அதனை அறுபதாண்டு பேணப்பட்டது என்பான். எது உண்மைக்கு அண்மையானது?

அறியாதவனிடம் வாங்குதல்

இனி, முன்னர்க் கூறிய சந்திப்புக்கு வருவோம். முதியவர் ஒருவர் பழைய வண்டியில் மூட்டையேற்றிச் செல்கின்றார் என்று கொள்வோம். தொகுப்போன் ஒருவன் பல்சக்கரத்து நாரைத் தலைகளைக் கண்டுவிட்டான். உள்ளம் துடிக்கின்றது, முகத்தில் காட்டவில்லை. “இந்தப் பழைய இரும்பை வைத்துக்கொண்டு ஏன் பாடுபடுகிறீர்கள், பெரியவரே? புது வண்டி ஒன்று வாங்கித் தருகிறேன், இதைக் கொடுத்துவிடுங்கள்” என்கின்றான். முதியவர் மகிழ்ச்சியுடன் இசைகின்றார். பழைய வண்டி சில திங்களில் பன்மடங்கு விலைக்குக் கைமாறுகின்றது. ஒருவரும் அழவில்லை, எவரும் ஏமாந்ததாக எண்ணவில்லை. இதில் தவறு எங்கே உள்ளது?

வாணிகனின் வாதத்தை முதலில் கேட்போம். “வண்டியின் விலை வண்டியில் இல்லை, என் அறிவில் இருக்கின்றது. முத்திரைகளைப் படித்து, ஆண்டுகளைக் கணித்து, விரும்புவோரைத் தேடிப் பல ஆண்டு உழைத்தேன். அவ்வுழைப்பின் ஊதியமே எனக்குக் கிடைப்பது. முதியவருக்கும் புது வண்டி கிடைத்தது. நான் வாராதிருந்தால் அவர் அதனைப் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட்டிருப்பார்.” இவ்வாதத்தில் பெரும்பகுதி உண்மை. அறிவுக்கு ஊதியம் உண்டு. தேடியவனுக்குப் பங்கு உண்டு. யூதத் தெருவில் இரு வணிகர் எதிரெதிரே அமர்ந்து பேரம் பேசும்போது ஒருவர் தம் கணக்கை மற்றவரிடம் விரித்துரைக்கக் கடமைப்பட்டவர் அல்லர். இருவரும் அத்தொழிலை அறிந்தவர்.

ஆனால் வாணிகனின் வாதம் ஒன்றை மறைக்கின்றது. அவன் ‘பழைய இரும்பு’ என்று கூறினான். அது அவன் அறிவின் பயனன்று. அறிவுக்கு மாறாகப் பேசிய பேச்சு. அறிவுக்கு ஊதியம் பெறலாம். பொய்க்கு ஊதியம் பெறலாகாது.

இவ்விடத்திற் சேரிவாணிஜ ஜாதகம் நினைவுக்கு வருகின்றது. நொடித்துப்போன ஒரு செல்வக் குடும்பத்தில் பாட்டியும் பேத்தியுமே எஞ்சியிருந்தனர். வீட்டில் கரிபிடித்துக் கிடந்த ஒரு கலம் பொன் என்று அவர்கள் அறியார். அணிகலன் விற்றுவந்த ஒரு வணிகன் அதை ஊசியாற் கீறிப் பார்த்துப் பொன்னென்று அறிந்தும், அரைக்காசும் பெறாது என்று கூறித் தரையில் எறிந்துவிட்டுச் சென்றான். பின்னர் ஒன்றும் கொடாமற் கவர எண்ணினான். அதன்பின் போதிசத்துவராகிய வணிகர் வந்தார். கலத்தைப் பார்த்து, “இது நூறாயிரம் பெறும், என் கையிலுள்ள பொருள் அனைத்தும் இதற்கு ஈடாகாது” என்று உண்மையைக் கூறினார். அவர்கள் வியந்து, இயன்றதைக் கொடுத்து எடுத்துக்கொள்ளுமாறு வேண்டினர். அவர் ஐந்நூறு காசும் ஐந்நூறு பெறுமான சரக்கும் கொடுத்து, வழிச்செலவுக்கு எட்டுக் காசும் தராசும் பையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஓடமேறி ஆற்றைக் கடந்தார். திரும்பி வந்த பேராசைக்காரன் நெஞ்சு வெடித்து மாண்டான்.

இக்கதையில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்று உண்டு. போதிசத்துவர் கொடுத்தது நூறாயிரமன்று, ஆயிரமே. கணக்கின்படி பார்த்தால் அவருக்கு ஊதியம் மிகப் பெரிது. ஆயினும் அவர்மேற் குற்றமில்லை. ஏன்? கலத்தின் உண்மை மதிப்பை முதலிற் கூறினார்; அறிந்தபின் அவர்களே மனமொப்பிக் கொடுத்தனர். ஆகவே அறம் விலையின் அளவிற்றான் உள்ளது என்று கூறுவதற்கில்லை; உண்மையை உரைத்தலில் உள்ளது. கொடாததைக் கொள்ளாமை என்னும் சீலத்தின் நுட்பம் இங்கே விளங்குகின்றது. கை நீட்டிக் கொடுத்தாலும், கொடுப்பது இன்னதென்று அறியாமற் கொடுத்தது முற்றும் கொடுத்ததாகாது. மனத்தால் கொடுக்காததைக் கையினின்று வாங்குதல், கொடாததைக் கொள்ளுதலுக்கு அண்டை வீடு.

எனவே தொகுப்போன் செய்யத் தக்கது கடினமானதன்று. “பெரியவரே, இது பழைய ராலி, இதனை விரும்பி வாங்குவோர் உண்டு, வெளியிலே இவ்வளவு விலை போகும், என்னால் இவ்வளவு கொடுக்க முடியும், பிரிக்க மனமில்லாவிடில் வைத்துக்கொள்ளுங்கள்” என்று கூறுதல் போதும். இவ்வாறு கூறினால் வணிகம் நடக்குமா என்பர். சில நடவா, ஊதியமும் குறையும். அங்ஙனம் குறையும் பகுதி எதுவோ, அது முன்னர் அறிவின் ஊதியமாக வந்ததன்று, மற்றவரின் அறியாமையின் ஊதியமாக வந்தது என்பது அப்போது விளங்கும்.

பேணுதலும் பற்றும்

இன்னொரு வினா எஞ்சி நிற்கின்றது. பற்றறுக்க வேண்டும் என்போர் பழைய இரும்பைப் போற்றுவதே தவறு என்று கூறலாமோ? அங்ஙனம் கூறுதல் பொருந்தாது. பொருளை இகழ்வது வேறு. பொருளிற் பற்றின்மை வேறு. ஈராண்டுக்கு ஒரு புது வண்டி வாங்கிப் பழையதை எறிபவன், பழையதைப் பூட்டிவைப்பவனைவிடப் பற்றற்றவன் அல்லன். ஒருவன் புதுமைக்கு அடிமை. மற்றவன் அருமைக்கு அடிமை. இருவரும் உடன்பிறந்தாரே. இருவருக்கும் வண்டி ஓட்டும் பொருளாக இல்லை. தம்மை உயர்த்திக் காட்டும் பொருளாக இருக்கின்றது.

தொகுப்போருக்கு நாம் நன்றி பாராட்டவேண்டிய இடமும் உண்டு. அவர்கள் இல்லையேல் எத்தனையோ நல்ல சட்டங்கள் உலையில் உருகியிருக்கும். எவ்வாறு செய்தனர் என்று கண்டறியவும் வழியிருந்திராது. ஆனால் ஒன்றைக் காத்தல் என்பது அதன் உருவை மட்டும் காத்தலன்று. கண்ணாடிக்குப் பின்னால் உருவம் பிழைத்திருக்க, பித்தளை ஊற்றி மூட்டுப் பிரிக்கும் கைத்திறன் தெருவில் அழிந்துபோனால் நாம் காத்தது எது? பழைய சட்டம் ஓடினால்தான் பழுதுபடும். பழுதுபட்டால்தான் பட்டறைக்கு வரும். பட்டறைக்கு வந்தால்தான் முதியவன் கைத்தொழில் இளையவன் கைக்கு மாறும். ஓடாத வண்டி பழுதுபடுவதில்லை. அதனால் எவனுக்கும் ஒன்றையும் கற்பிப்பதுமில்லை.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் அமுதசுரபியினும் அரியதொரு கலம் உண்டோ? உலகில் அதற்கு இணையானது இல்லை. ஆபுத்திரன் அதனைச் சாவக நாட்டுப் பசி தீர்க்க எடுத்துச் சென்றான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியபோது கப்பல் அவனை விட்டுச் சென்றது. ஊட்டுதற்கு ஒருவரும் இல்லாத இடத்தில், அள்ள அள்ளக் குறையாத கலத்தை வைத்துக்கொண்டு தான் மட்டும் உண்டு வாழ அவன் மனம் இசையவில்லை. கோமுகிப் பொய்கையில் அதனை விட்டு, உண்ணாது உயிர் நீத்தான். கலத்தின் அருமை அவனுக்கு ஆறுதல் தரவில்லை. பலருக்குப் பயன்படாத அரும்பொருள் கையில் இருப்பதும் இல்லாததும் அவனுக்கு ஒன்றே. அவன் கலத்தை வெறுத்தவனல்லன்; அதன் தகுதியை முற்றும் அறிந்தவன். அறிந்தமையாற்றான் தனக்கென வைத்துக்கொள்ள மறுத்தான்.

நம்மிடம் அத்தகைய துறவை யாரும் எதிர்பார்க்கவில்லை. பழைய எஃகுச் சட்டம் ஒன்றைக் கண்டு மகிழ்வதும், விலை கொடுத்து வாங்குவதும், துருவைத் துடைத்து எண்ணெயிட்டு ஓட்டுவதும் இல்லறத்தார்க்குத் தகாத செயல்கள் அல்ல. வாங்குமுன் மூன்று வினாக்களைத் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டால் போதும். இஃது ஊரெங்கும் மலிந்து கிடந்தாலும் நான் இதனை விரும்புவேனா? இதனைப்பற்றி நான் அறிந்ததை விற்பவரும் அறிவாரா? என்னிடம் வந்தபின் இது ஓடுமா, அன்றி நிற்குமா? முதல் வினா பெருமையை அளந்து காட்டும். இரண்டாவது வினா வாய்மையைக் காக்கும். மூன்றாவது வினா, அப்பொருளைச் செய்தவனின் உழைப்புக்கு நாம் செலுத்தும் மரியாதை.

மூன்றுக்கும் நேரிய விடை கிடைக்குமாயின் மனக்கலக்கமின்றி வாங்கலாம். பின்னொருநாள் அதனை நன்கு ஓட்டத்தக்க இளைஞன் ஒருவன் வந்து கேட்கும்போது, அதன் மதிப்பையும் குறையையும் மறைக்காமற் கூறி, பழுதுபார்க்கும் முறையையும் கற்பித்து, மனமார அவன் கையிற் கொடுத்தும் விடலாம்.